பத்து நாள் சிரிக்கக் கூடாது

ஜூன் 15, ஞாயிறு

பல் டாக்டரிடம் போய் வந்தேன். பல்லில் சொத்தை இல்லை, ஈறில் ரத்தம் வருவதில்லை, வாய் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எல்லாம் சரியாக இருந்தும் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

டாக்டர் பெயர் மெஹருன்னிஸா. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். "சிரிங்க" என்றார். சிரித்தேன். கை தானாக வாய்க்குப் போய்விட்டது. "கையை எடுங்க" என்றார். எடுத்தேன், சிரிப்பு போய்விட்டது. மறுபடி சிரித்தால் மறுபடியும் கை. மூன்று தடவை இப்படியே ஆனதும் நர்ஸைக் கூப்பிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அது எனக்கே வேடிக்கையாக இருந்ததால் நன்றாகச் சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அளந்துகொண்டார். ஐந்து மில்லிமீட்டர் ஈறு தெரிகிறதாம். இரண்டு வரைக்கும் யார் கண்ணிலும் படாதாம்.

ஈறு பல்லின் மேல் தேவைக்கு அதிகமாக இறங்கியிருக்கிறது, அதை அளந்து வெட்டி, உள்ளே எலும்பையும் கொஞ்சம் ஒதுக்கி, மேலே ஏற்றித் தைத்துவிடலாம் என்றார். உண்மையில் என் பல் குட்டை இல்லையாம், கால்வாசி உள்ளே ஒளிந்திருக்கிறதாம். முப்பத்து நாலு வயதில் எனக்கு இது புதுச் செய்தி. தையல் பத்து நாள் இருக்கும். அந்தப் பத்து நாளும் சிரிக்கக் கூடாது, மேலுதட்டை இழுத்துப் பேசக் கூடாது. முழுதாக ஆறி நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

"எதுக்காகப் பண்ணிக்கணும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

"சுத்தமா வெச்சுக்க வசதியா இருக்குமுங்களே" என்றேன்.

அதுதான் காரணம்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எதுக்கு சாமி இந்த வயசுல போயி வாயக் கிழிச்சுக்கோணும்? கைய வெச்சு மறைச்சுக்கற, அதே போதுமல்ல."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரேஷன் கடையில் பருப்பு இன்னும் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

தமயந்திக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது.

தமயந்தியைப் பற்றி இந்த நோட்டில் தனியாக எழுதியதே இல்லை. தினமும் எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி என்ன எழுதுவது என்று விட்டிருப்பேன். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினோரு வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே டேபிள். பீஸை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கண் மட்டும் பூதக்கண்ணாடி. நான் விட்டதை அவள் பிடிப்பாள், அவள் விட்டதை யாரும் பிடித்ததில்லை.

சைகை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான். வெறும் கையை ஆட்டினால் போதாது, முகமும் சேர்ந்து பேச வேண்டும். கை 'வா' என்று சொன்னாலும் அது கோபமா, கொஞ்சலா, கேலியா என்பது வாயில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் என் முகம் சும்மா கிடக்கும். அவள் என் கன்னத்தைப் பிடித்து இழுத்துச் சரி செய்வாள்.

காது கேட்காதவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சைகைப் பெயர். முகத்தில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். மேனேஜர் என்றால் மீசையை முறுக்குவார்கள். கேன்டீன் அக்கா என்றால் மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டுக் காட்டுவார்கள், இரட்டை மூக்குத்தி. நான் என்றால், மேலுதட்டுக்கு மேல் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு. அது என்ன கோடு என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் காது கேட்காதவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் நான் ஈறுதான். வைத்தது தமயந்தி. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நானும் இத்தனை வருடத்தில் ஒன்றும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை ஜெகதீஷ். அவருக்கும் காது கேட்காது. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. ஆறு மாதமாக வீடியோ காலில் பேசிப் பேசி இவளே முடிவு செய்தது, பெரியவர்கள் அப்புறம்தான் சம்மதித்தார்கள். ஆவணிக் கடைசியில் நிச்சயம். தமயந்தி என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் கையால் சொல்வதை எந்தத் தமிழில் எழுதுவது என்று தெரியவில்லை, வந்தபடி எழுதுகிறேன்.

"நீ என் பக்கத்தில் நிற்கணும். அவர்கள் சொல்வதை எனக்குச் சொல்லணும், நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்லணும். அம்மாவுக்குச் சோறு, தூக்கம், போ, வா தவிர ஒன்றும் தெரியாது. என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நீ ஒருத்திதான் எதையும் விடாமல் சொல்லுவாய்."

சரி என்றேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் கோயம்புத்தூர் போய்விடுவாள். டேபிளுக்கு வேறு யாராவது வருவார்கள். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

நிச்சயத்துக்கு வீடியோ எடுப்பார்களாம். இரண்டு கையும் சைகையில் இருக்கும்போது வாயை எதை வைத்து மறைப்பது?

டாக்டருக்குப் போன் செய்து ஜூலை ஐந்தாம் தேதி கேட்டு வாங்கினேன். ஆவணிக்குள் ஆறிவிடும்.

ஜூன் 24, செவ்வாய்

தேவையில்லாமல் பழைய கதை ஞாபகம் வந்தது. எனக்கு இருபத்து மூன்று வயதில் காங்கயத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ தமாஷாகச் சொன்னார், நான் சிரித்தேன். அவர்கள் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டது. "புள்ள லட்சணமாத்தான் இருக்குது, சிரிக்காத வரைக்கும்." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் நல்ல பல் வரிசை.

அன்றைக்கு அம்மா என்னை ஒன்றும் திட்டவில்லை. அடுத்த முறை ஆட்கள் வந்தபோது பட்டுப்புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டே, "சிரிப்பு வந்தாக் கைய வெச்சுக்க கண்ணு" என்று மட்டும் சொன்னாள். அவள் பாசத்தில்தான் சொன்னாள். அதற்கப்புறம் வந்தவர்களும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனார்கள், கையை வைக்கிற பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இதற்கும் ஈறு ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூலை 3, வியாழன்

லீவு எழுதிக் கொடுத்தேன். தமயந்தியிடம் வைரஸ் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடே இல்லையே என்றாள். இனிமேல்தான் வரும் என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். நீ வைத்த பெயரை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கல்யாணப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 5, சனி

முடிந்தது. ஒன்றரை மணி நேரம். மரத்துப்போக ஊசி போட்டதுதான் வலித்தது, வெட்டியது தெரியவே இல்லை. சத்தம் மட்டும் தெரிந்தது. எலும்பை ராவும்போது தலைக்குள் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி இருந்தது. டாக்டர் நடுநடுவே "நல்லா வந்துட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

கண்ணாடி கொடுத்தார். உதடு தேனீ கொட்டியது போல வீங்கியிருக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் கறுப்பு நூல் வரிசையாக. தையல் நேர்த்தியாக இருக்கிறது. அம்பு ஒட்ட இடமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ராகிக் கூழ், ஆறவைத்து. மாத்திரை மூன்று வேளை. அம்மா டிவியில் நகைச்சுவை வந்தாலே சேனலை மாற்றிவிடுகிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

தமயந்தி வீடியோ காலில் வந்தாள். மாஸ்க் போட்டுக்கொண்டு எடுத்தேன். எதற்கு மாஸ்க் என்றாள். உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றேன். போன் வழியாகவா என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்க முடியாமல் தலையணையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். நிச்சயம் இந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்த வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் எதுவும் செய்ய முடியாது, அதற்கு முன்னால் நிச்சயத்தை முடித்துவிட்டால் ஆவணியில் கல்யாணத்தையே வைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

ஐந்து நாள்தான் இருக்கிறது. தையல் பிரிப்பது அடுத்த செவ்வாய். நான் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் தேதி வாங்கினேன், ஆடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு முட்டாள்தனம்.

வர முடியாது என்று சொல்லிவிடலாம். டாக்டரே சொல்லியிருக்கிறார். பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டால் நிச்சயத்தையே தள்ளிவைப்பார்களாக இருக்கும். எதற்கு இத்தனை அவசரம்? ஆறு மாதம் வீடியோவில் பேசியதை வைத்து ஒரு ஆளைப் பற்றி என்ன தெரியும்? அவள் நன்மைக்காகத்தான் நினைக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வராவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்னார். "உதட்டை அதிகமா அசைக்காதீங்க, சிரிச்சுடாதீங்க. கையால பேசறதுதானே, கைக்கு ஒண்ணும் ஆகலையே." கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 12, சனி

மாம்பழக் கலர் புடவைக்கு இஸ்திரி போட்டேன். வீக்கம் பாதி வடிந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அவிநாசியில் தமயந்தியின் வீடு. வாசலில் சின்னப் பந்தல், ஆண்களும் மாப்பிள்ளையும் அங்கே. பெண்கள் உள்ளே கூடத்தில். என் மாஸ்க்கைப் பார்த்ததும் தமயந்தி முகத்தைச் சுளித்தாள். மாஸ்க் போட்டவர்கள் பேசுகிறார்களா, எதையாவது மெல்லுகிறார்களா என்றே தெரியாது என்பாள். இருமல் இன்னும் போகவில்லை என்று சொன்னேன். சரி, கை இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. ஊர், உறவு, நகை டிசைன், யார் பெண்ணுக்கு யார் அத்தை என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றையும் கைக்கு மாற்றினேன். அவள் பதிலை வாய்க்கு மாற்றினேன், உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் பேசினால் மாஸ்க்குக்கு வெளியே ஓரளவுக்குக் கேட்டது. வீடியோ எடுப்பவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

தட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜெகதீஷின் அம்மா பாப்பாத்தியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். வாட்டசாட்டமான ஆள், காதில் பெரிய தோடு. தமயந்தியின் சித்தி பக்கத்தில் நின்றுகொண்டு, "புள்ள கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவோணும்னு நெனைக்குது, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

பாப்பாத்தியம்மாள் தொடையில் தட்டி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு சொன்னார். "வேலைக்கெல்லாம் உட்ருவனா? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எனக்குக் காப்பி வெச்சுக் குடுக்கோணும். நாங் கட்டல்ல ஒக்காந்துட்டு அதச் செய், இதச் செய்யுன்னு மருமவள வெரட்டிட்டே இருப்பேன். சும்மாவா இத்தன வருசங் காத்துட்டு இருந்தேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. சொல்லும்போதே கையை நீட்டித் தமயந்தியின் கன்னத்தைத் தொடப் போனார். ஆனால் தமயந்தி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு என்னிடமிருந்துதானே வர வேண்டும்.

நான் சொன்னேன். வேலைக்கு விட மாட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்குக் காப்பி வைக்கணும். நான் கட்டிலில் உட்கார்ந்து உன்னை விரட்டுவேன். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஒரு வார்த்தை விடவில்லை. ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை.

தமயந்தி எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "என்னாச்சு, வெக்கமா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் அம்மா பின்னாலேயே போய், உடனே திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோகிலா, வேண்டாங்கறாளாட்ட இருக்குது. கையக் கைய ஆட்டறா. என்னம்மா சொன்ன நீயி?"

"அவிய சொன்னதத்தானுங்க சொன்னேன்" என்றேன். அது பொய் இல்லை.

அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று சரியாக ஞாபகம் இல்லை. தண்ணீர் தாகமாக இருந்தது. அடுப்படிக்குப் போய் மாஸ்க்கை விலக்கி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது, தையல் இருக்கிறதே. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வாழை இலைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் எண்ணி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் பாப்பாத்தியம்மாளின் குரல் கேட்டது. "நாந் தமாசுக்குத்தானுங்க சொன்னேன், புள்ள தப்பா எடுத்துக்கிச்சா?" அவர் குரல் நடுங்கியது. அவ்வளவு பெரிய ஆளின் குரல் அப்படி நடுங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம்தான் உள்ளறைக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தமயந்தி பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"ஜெகதீஷுக்கும் இது தெரியுமா?" என்று கேட்டாள். "வேலைக்குப் போகலாம் என்று என்னிடம் சொன்னாரே."

நான் அவள் எதிரில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினேன். "அந்தம்மா சொன்னதை நான் சரியாகச் சொல்லவில்லை. கை சொன்னது. முகம் சொல்லவில்லை. இப்போது பார்" என்றேன். பாப்பாத்தியம்மாள் மாதிரியே தொடையைத் தட்டி, வாயை முழுக்கத் திறந்து, கன்னம் இரண்டும் மேலே ஏறச் சிரித்துக்கொண்டு, அதே வார்த்தைகளை அதே வரிசையில் மறுபடி சொன்னேன். 'கட்டில்' என்ற சொல் வந்தபோது ராஜா மாதிரி சாய்ந்தேன். 'வெரட்டுவேன்' வந்தபோது கண்ணை உருட்டினேன். பாதியில் இடது பக்கம் சுருக்கென்றது. நிறுத்தவில்லை. இரண்டு கைக்கும் வேலை இருந்தது.

முடித்ததும் வாயில் உப்புக் கரித்தது. தமயந்தி என் கையைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் என் உதட்டைத் துடைத்துவிட்டு, மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"ஈறை வெட்டிக்கொண்டேன்."

"காய்ச்சல் இல்லையா?"

"இல்லை."

மேலுதட்டுக்கு மேல் விரலால் ஒரு கோடு போட்டு, "இதனாலா?" என்றாள்.

"இதனாலும்தான்."

"பதினோரு வருடமாகப் பிடிக்கவில்லையா? சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேனே. ஒரு நிமிட வேலை." என் தலையில் குட்டினாள், வலிக்கும்படி. "பிடித்ததால்தான் வைத்தேன். சேர்ந்த புதிதில் நீ வாயை மூடிக்கொண்டு குலுங்குவாய், என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். ஒரு நாள் இரண்டு கையிலும் பீஸ் கட்டு வைத்துக்கொண்டு சிரித்தாய். எல்லாம் தெரிந்தது. அன்றைக்குத்தான் உன்னை நம்பினேன்."

அவள் எழுந்து என்னையும் தூக்கிவிட்டாள். "வா. அந்தம்மாவிடம் நானே கேட்கிறேன். தமாஷில் பாதி நிஜமும் இருக்கும். எவ்வளவு நிஜம் என்று கேள். மாஸ்க் வேண்டாம்."

கேட்டேன், கூடத்தின் நடுவில், வாயைத் திறந்து. வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பாப்பாத்தியம்மாள் இந்த முறை சிரிக்கவில்லை. தமயந்தியின் முகத்தைப் பார்த்து, அவளுக்குக் கேட்கும் என்பது போல மெதுவாகச் சொன்னார். "நானு நாப்பது வருசம் மில்லு வேலைக்குப் போனவ சாமி. நீ வேலைக்குப் போ, எங்க வேணாப் போ. காப்பி மட்டும் வெச்சுக் குடுத்துட்டுப் போ. அது நெசந்தான்."

தமயந்தி யோசித்துவிட்டு, "ஐந்து மணிக்கு முடியாது. ஆறு" என்றாள். சொன்னேன். ஆறு என்று முடிவானது. தட்டு மாற்றினார்கள். ஜெகதீஷ் பந்தலிலிருந்து இரண்டு கையையும் தூக்கி என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. இடது பக்கம் இரண்டு தையல் முன்னாலேயே பிய்ந்து, அந்த இடத்தில் ஈறு ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. "சிரிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். "மூணு மாசம் கழிச்சு வாங்க, வேணும்னா அதை மட்டும் சரி பண்ணிடலாம்." யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

அம்மா என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அப்புறம் கேட்காமலே, "அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. நாந்தான் பயந்துட்டேன்" என்றாள். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கோபம் வந்தது. சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை.

ஜூலை 21, திங்கள்

வேலைக்குப் போனேன், மாஸ்க் இல்லாமல். கம்பெனியில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மேனேஜர் "காய்ச்சல்ல எளைச்சுட்டியா?" என்றார். கேன்டீன் அக்கா புருவம் திருத்தினாயா என்று கேட்டாள். இத்தனை வருடம் நான் யாரிடமிருந்து மறைத்தேன் என்றே தெரியவில்லை.

ஷிப்மென்ட் வாரம், டேபிளில் கட்டுக் கட்டாகக் குவிந்திருந்தது. பதினோரு மணி டீக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். தமயந்தி எழவில்லை. என் கையிலிருந்த பீஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்றைக்கு நான் எழுந்து உள்ளே போனேனே. அப்போது உனக்குச் சந்தோஷமாக இருந்ததா?"

இல்லை என்று சொல்லக் கையைத் தூக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆமாம்" என்றேன். "நீ போக மாட்டாய், இங்கேயே இருப்பாய் என்று தோன்றியது."

"தெரியும். மாஸ்க் வாயைத்தானே மூடியிருந்தது."

"அப்போதே தெரியுமா?"

"அப்போதே. அதனால்தான் கதவைத் தாழ் போடவில்லை. வருவாயா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆக்கினாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வராமல் இருந்திருந்தால் கல்யாணம் நின்றிருக்குமே" என்றேன்.

தமயந்தி இல்லை என்று தலையை ஆட்டினாள். "நின்றிருக்காது. ஜெகதீஷைக் கூப்பிட்டு நானே கேட்டிருப்பேன். கல்யாணம் நடந்திருக்கும். உன்னைத்தான் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினாள்.